டெக் பிரயாணிகளின் துறைமுகம்

குளிர்காலம் பிறந்துவிட்டால் சென்னைத் துறைமுகத்துக்கு உல்லாசக் கப்பல்கள் வரத் தொடங்குகின்றன. உலகத்தைச் சுற்றிவரப் புறப்பட்ட மேல்நாட்டுக் கனவான்களும் சீமாட்டிகளும் காலையில் இறங்குகிறார்கள். பஸ்களில் ஏறி மாமல்லபுரத்துக்கோ காஞ்சீபுரத்துக்கோ போகிறார்கள். மாலையில் திரும்பி வந்து கப்பலேறிவிடுகிறார்கள். இரவில் அக்கப்பல் விளக்குகளுடன் புறப்பட்டுப் போவதை நகரத்தார் பெரும்பாலோர் அறிவதே இல்லை. சமீப வருஷங்களில் இதனோடு புதிய விஷயமொன்றும் சேர்ந்திருக்கிறது. நம்மவர்களே உல்லாசப் பிரயாணிகளாகச் சென்னையிலிருந்து கப்பலேறத் தொடங்கியிருக்கிறார்கள். 2022 ஜூன் மாதத்தில் முதன் மந்திரி கொடியசைக்க, 'எம்பிரஸ்' என்ற கப்பல் இங்கிருந்து புறப்பட்டது. அடுத்த வருஷம் ஜூன் 5-ந் தேதி, 17.21 கோடி ரூபாய்ச் செலவில், மூவாயிரம் பிரயாணிகளை ஏற்கக்கூடிய சர்வதேச உல்லாசக் கப்பல் நிலையம் துறைமுகத்துக்குள் திறக்கப்பட்டது. அன்றைய தினமே அக்கப்பல் இலங்கைக்குப் பிரயாணமாயிற்று. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று அதன் வழி வகுக்கப்பட்டிருந்தது.

இதை நாம் வரவேற்கிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஜனங்கள் இன்பமாகக் காலங்கழிப்பதைக் கண்டு முகஞ் சுளிப்பது தேசபக்தியின் லட்சணம் என்று நாம் ஒருபொழுதும் நினைத்ததில்லை. நம் மக்கள் கடலைக் கண்டு பழக வேண்டும்; அண்டை நாடுகளைப் பார்த்து வரவேண்டும். ஆயினும் கப்பலின் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 'சக்கரவர்த்தினி' என்னும் பட்டத்தைத் தாங்கிய ஒன்று சென்னைத் துறையில் வந்து நிற்பதைக் காண, பழைய ஞாபகங்கள் உள்ளவர்களுக்குச் சற்றுக் கூச்சமாக இருந்தால் அதில் குற்றமில்லை. பிரான்ஸ் தேசத்துப் பட்டறையில் கட்டப்பட்டு, 1990-ம் வருஷத்திலிருந்து அமெரிக்கக் கம்பெனி ஒன்றுக்காக ஓடிய அந்த 48,500 டன் கப்பல், பல கை மாறி நம்மிடம் வந்தது. அதில் நீச்சற்குளமுண்டு, நாடகசாலையுண்டு, கேசினோ என்று நாகரிகமாக அழைக்கப்படும் சூதாட்டக் கூடமும் உண்டு. இந்தக் கடைசி அம்சத்தின் காரணமாகவே, 2022-ல் அது புதுச்சேரிக்குச் சென்றபொழுது அங்கே பிரயாணிகள் இறங்க அனுமதி கிடைக்கவில்லை. புதுச்சேரியின் முடிவு சரியா என்ற விவகாரத்துக்குள் நாம் இப்பொழுது போகவில்லை. கப்பலில் வருகிறவர் உண்பதும், உறங்குவதும், பணத்தைச் செலவிடுவதும் பெரும்பாலும் கப்பலுக்குள்ளேயே நடைபெறுகின்றன என்பதையும், ஊருக்கு மிஞ்சுவது பஸ் சத்தமும் வழிகாட்டியின் கூலியும் சில கல் பொம்மைகளின் விலையுமே என்பதையும் மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுமாறு சர்க்காருக்கு நினைவூட்டுகிறோம். துறைமுகக் கட்டணங்களில் இக்கப்பல்களுக்குச் சலுகை வழங்கப்பட்டிருக்கிறது. 2024 செப்டம்பரில் மத்திய சர்க்கார் தொடங்கிய திட்டம், உல்லாசக் கப்பற் பிரயாணிகளின் தொகையை 2029-க்குள் இரட்டிப்பாக்க வேண்டுமென்று சொல்லுகிறது. நல்லது, ஆகட்டும்.

நாம் எடுத்துக்கொண்ட விஷயம் வேறு. இந்த நிலையத்தின் திறப்பு விழாவையொட்டி நடந்த பேச்சுக்களைக் கேட்டவர்கள், சென்னையிலிருந்து மனிதர்கள் கப்பலேறுவது இப்பொழுதுதான் முதன்முறை என்றே எண்ணியிருப்பார்கள். இத்துறைமுகத்தின் பழைய தஸ்தாவேஜுகளைப் பிரித்துப் பார்த்தால் உண்மை வேறாக இருக்கிறது. லட்சோப லட்சம் தமிழர்களும் தெலுங்கர்களும் இந்தக் கரையிலிருந்துதான் கப்பலேறினார்கள். அவர்களுக்கு மண்டபமும் கிடையாது, வாத்தியமும் கிடையாது. அவர்களுக்கு டிக்கட்டில் எழுதப்பட்டிருந்த பெயர் 'டெக் பிரயாணி' என்பது. டெக் என்பது இன்று நீச்சற்குளமும் சாய்வு நாற்காலியும் போட்டிருக்கும் இடம். அன்று, அறை வாங்கப் பணமில்லாதவன் பாயை விரித்துப் படுக்கும் இடம்.

சென்னைக்கு இயற்கையான துறைமுகம் என்பதே கிடையாது. 1639-ல் இந்த மணற்பாங்கான இடத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் எதற்காகத் தேர்ந்தெடுத்தார்களோ, துறைமுக வசதிக்காக அன்று. கப்பல்கள் கரையை அணுக முடியாமல் அலைகளுக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் இடையே ஆளையும் சரக்கையும் கொண்டு சேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றில் ஆணி கிடையாது. ஆணியடித்த படகு சென்னை அலையில் ஒரு மோதலுக்குக்கூடத் தாங்காது. பலகைகளைத் தென்னங்கயிற்றினால் தைத்திருப்பார்கள். அலை அடிக்கும்பொழுது அது வளைந்து கொடுக்கும். அதைவிட மோசமான நாட்களில், கட்டுமரக்காரர்கள் பாயினால் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் கடிதங்களை வைத்துக்கொண்டு, நனையாமல் கப்பலுக்குக் கொண்டு போனார்கள். ஏகாதிபத்தியத்தின் மகத்தான தபால்கள் எல்லாம் ஒரு செம்படவன் தலையில் ஏறித்தான் கரை சேர்ந்தன! கவர்னர்களும், பிரதம நீதிபதிகளும், சம்பளத்துக்கு வந்த குமாஸ்தாக்களும் அந்தப் படகோட்டிகளின் தயவை நம்பியே கரையிறங்கினார்கள். அந்தப் படகோட்டிகளைப் பற்றி வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்த புகார்கள் ஏராளம். அவர்கள் நடுவழியில் அதிகப்படி கூலி கேட்டார்களாம். உயிரைப் பணயம் வைத்துத் துடுப்புப் போடுகிறவன் கூலியைப் பற்றிப் பேசத்தானே செய்வான்?

1860 அக்டோபர் 13-ந் தேதி, 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேரை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து புறப்பட்டது. நவம்பர் 16-ந் தேதி தென்னாப்பிரிக்காவில் டர்பன் துறையை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற முதல் கூட்டம் அது. 1911 வரையில் 1,52,184 பேர் இவ்வாறு நேட்டாலுக்கு ஏற்றுமதி செய்யப்பட்டார்கள். ஏற்றுமதி என்ற சொல்லை யோசித்துத்தான் உபயோகிக்கிறோம். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னை வழியாகச் சென்றவர்களே. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டது. அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலூகா, கிராமம், உடம்பிலுள்ள அடையாளங்கள் எல்லாம் பதிவாயின. ஒரு வக்கீலின் கண்கொண்டு பார்த்தால் இவ்வளவு ஒழுங்கான ஆவணத்தைக் காண்பது அரிது. மனிதனைப் பொருளாகப் பாவிக்கும்பொழுது கணக்கு மிகவும் சுத்தமாக இருக்கும் போலும்! ஆனால் அந்தக் கணக்குத்தான் இன்று வேறொரு பயனைத் தருகிறது. நாலு தலைமுறைக்குப் பின், டர்பனிலிருந்து ஒரு பேரன் தன் பூட்டனின் கிராமத்தைத் தேடிக்கொண்டு வட ஆர்க்காட்டுக்கும் சித்தூருக்கும் வரும்பொழுது, அவன் கையிலிருப்பது அந்தப் பட்டியலின் நகலே.

துறைமுகம் கட்டப்பட்டது பிறகு. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அஸ்திவாரக் கல் நாட்டினார். கற்சுவர்கள் கடலுக்குள் நீண்டு முடியுந் தறுவாயில், 1881 நவம்பரில் அடித்த புயல் அவற்றை உடைத்தெறிந்தது. மறுபடியும் கட்டினார்கள். கிழக்கே பார்த்திருந்த வாயில் வழியாக அலையும் மணலும் உள்ளே புகுந்தன. 1904 முதல் 1919 வரையில் துறைமுகத் தலைவராக இருந்த ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங் என்பவர் அந்த வாயிலை அடைத்து, வடகிழக்கில் புதிய வாயில் திறந்தார். இவர் அலுவலகத்தில்தான் கணித மேதை ராமானுஜன் குமாஸ்தாவாக இருந்தார் என்பது நேயர்கள் அறிந்ததே.

இந்தச் சுவர்கள் செய்த வேறொரு வேலையும் உண்டு. நம் கரையோரத்தில் மணல் தெற்கேயிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருப்பது. நடுவில் சுவர் எழும்பியதும், மணல் தெற்கே தேங்கியது. வடக்கே போய்ச் சேரவேண்டியது சேரவில்லை. தெற்கே பரந்த மணல்வெளி உண்டாயிற்று. கவர்னர் கிராண்ட் டப் அதன் ஓரமாக உலாவும் பாதை போட்டு, 'மெரீனா' என்று பெயர் வைத்தார். வடக்கே, ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரையில், கடல் நிலத்தைத் தின்னத் தொடங்கியது. செம்படவர்களின் குடிசைகளும் கோயில்களும் வீதிகளும் தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் பலியாகி வந்திருக்கின்றன. கல்லைக் கொட்டிக் கொட்டித் தடுக்க வேண்டியிருக்கிறது. தென் சென்னைக்குக் காற்று வாங்க மணலும், வட சென்னைக்குக் கல்லும் என்று பாகப்பிரிவினை நடந்திருக்கிறது. இந்தப் பத்திரத்தில் வட சென்னைக்காரன் கையெழுத்திடவில்லை. துறைமுகத்தின் வருமானத்தைப் பற்றிப் பேசும்பொழுதெல்லாம் இந்தக் கடனையும் சேர்த்துப் பேசுவதே முறை.

துறைமுகம் விரிய விரிய, நகரத்தாரின் கண்ணிலிருந்து கடல் மறைந்தது. முதற் கடற்கரைச் சாலை என்று பழைய பத்திரங்களில் காணப்படும் தெருவுக்கு இன்று ராஜாஜி சாலை என்று பெயர். ஒரு காலத்தில் அந்தத் தெருவின் கிழக்கு ஓரம் கடலாக இருந்தது. தபாலாபீஸும், பாங்கியும், சுங்கச் சாவடியும் கடலைப் பார்த்துத்தான் கட்டப்பட்டன. இன்று அவை மதிற்சுவரையும் பாரந்தூக்கிகளையும் பார்த்து நிற்கின்றன. 1923 மே 1-ந் தேதி, ஸ்ரீ சிங்காரவேலு செட்டியார் இந்நாட்டில் முதன்முதலாகத் தொழிலாளர் தினம் கொண்டாடியபோது நடத்திய இரண்டு கூட்டங்களில் ஒன்று, ஹைக்கோர்ட்டுக்கு எதிரேயுள்ள கடற்கரையில் நடந்தது. ஹைக்கோர்ட்டுக்கு எதிரே கடற்கரையா என்று இளைஞர்கள் கேட்பார்கள். ஆம், இருந்தது. ஹைக்கோர்ட்டின் உச்சிக் கோபுரமே 1894 முதல் 1977 வரையில் கப்பல்களுக்கு வெளிச்சம் காட்டிய கலங்கரை விளக்கம். கீழே கட்சிக்காரர்கள் வழி தெரியாமல் தடுமாறிய வருஷங்களிலும், மேலே மாலுமிகளுக்கு வழி தெரிந்துகொண்டுதான் இருந்தது.

1914 செப்டம்பர் 22-ந் தேதி இரவு, ஜெர்மன் கப்பலான எம்டன் சென்னைக்கு எதிரே வந்து நின்று, நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசிற்று. எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன, நகரம் காலியாயிற்று. ஹைக்கோர்ட்டு மதிற்சுவரில் அதற்கு ஞாபகக் கல் பதித்திருக்கிறார்கள். 'அவன் சரியான எம்டன்' என்று பேசும் பேச்சும் அன்றிலிருந்து நம் பாஷையில் நிலைத்துவிட்டது. அக்கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்று சொல்வதற்குச் சாட்சியம் போதாது. ஆனாலும் ஜனங்கள் அதை நம்ப விரும்பினார்கள் என்பதே அக்காலத்து மனோநிலைக்குச் சாட்சியம். ஒரே இரவு வந்துபோன அன்னியக் கப்பலுக்குக் கல்லும் இருக்கிறது, சொல்லும் இருக்கிறது. நாற்பது ஐம்பது வருஷம் இடைவிடாமல் நம் ஜனங்களைச் சுமந்த கப்பல்களுக்கு என்ன இருக்கிறது?

ரஜூலா என்ற பெயரைக் கேட்டால் இன்றும் தஞ்சாவூர், ராமநாதபுரம் ஜில்லாக்களில் முதியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 1926-ல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட அந்தக் கப்பல், 1973 வரையில் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய் வந்துகொண்டிருந்தது. ஆரம்பத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட டெக் பிரயாணிகளை ஏற்ற அதற்கு அனுமதி கொடுக்கப்பட்டிருந்தது. இன்றைய உல்லாசக் கப்பல் ரஜூலாவைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் பெரிது. ஏற்றுவது ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் பேர். இவ்விரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ரஜூலாவின் டெக்கில் ஒருவனுக்கு எவ்வளவு இடம் கிடைத்திருக்கும் என்பது விளங்கும். பாயை விரித்து, தலைமாட்டில் டிரங்குப் பெட்டியை வைத்துவிட்டால் அதுவே எல்லை. ஒரு வாரம் வெயிலும் மழையும் வாந்தியுமாகக் கழியும். பிரயாணம் முடிந்ததும் ஊருக்குள் போய்விட முடியாது. கப்பலில் அம்மையோ பேதியோ கண்டிருந்தால், பினாங்கில் ஜெரஜா தீவிலும், சிங்கப்பூரில் செயின்ட் ஜான் தீவிலும் தடுத்து வைப்பார்கள். தோட்டக் கூலிகளாகப் போகிறவர்கள் கப்பலேறுவதற்கு முன்பே ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்களில் அடைபட்டிருந்தார்கள். 1938-ல் இந்திய சர்க்கார் மலாய் நாட்டுக்குக் கூலிகளை அனுப்புவதைத் தடுத்த பிறகே அந்த முகாம்களுக்கு வேலையில்லாமற் போயிற்று.

டெக்கில் போனவர்களெல்லோரும் கூலிகள் என்று எண்ணிவிடக் கூடாது. வட்டிக் கடைக்குப் போகும் பையன்கள், சாப்பாட்டுக் கடை வைக்கப் போகிறவர்கள், கோயிற் குருக்கள், பத்திரிகை நடத்தப் புறப்பட்ட துணிச்சற்காரர்கள், பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து கைக்குழந்தையுடன் திரும்பும் பெண்கள் எல்லோரும் அதில் உண்டு. தமிழ்நாட்டுச் செய்தி மலாயாவுக்கும், மலாயாச் செய்தி தமிழ்நாட்டுக்கும் அந்த டெக்கின் மேல்தான் பரவிற்று.

டெக் பிரயாணிகளில் ஒருவரைப் பற்றி மட்டும் தனியே சொல்ல வேண்டும். 1910-ல் டிரான்ஸ்வால் சர்க்கார், சத்தியாக்கிரகம் செய்த இந்தியர்களைப் பிடித்து, கப்பலேற்றி இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். கையில் காசில்லாமல், சிலர் பிறந்தே அறியாத தாய்நாட்டில், அவர்கள் வந்து இறங்கினார்கள். சென்னையில் ஸ்ரீ ஜி. ஏ. நடேசன் அவர்களுக்கு உண்டியும் உறையுளும் உடையும் கொடுத்து ஆதரித்தார். காந்தியடிகள் தமது தென்னாப்பிரிக்க சத்தியாக்கிரகச் சரித்திரத்தில் இந்த உதவியை நன்றியுடன் குறித்திருக்கிறார். வந்தவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்களா? இல்லை. பலர் மறுபடியும் கப்பலேறிப் போராட்டத்துக்கே திரும்பினார்கள். அவ்வாறு திரும்பியவர்களில் நாராயணசாமி என்ற வாலிபர் ஒருவர். போதிய துணியில்லாமல் டெக்கிலேயே கிடந்து, துறை துறையாக இறங்க அனுமதி மறுக்கப்பட்டு, 1910 அக்டோபரில் டெலகோவா வளைகுடாவில் உயிர் நீத்தார். தில்லையாடி வள்ளியம்மையின் பெயரை நம் குழந்தைகள் அறிவார்கள். நாராயணசாமியின் பெயரை எத்தனை பேர் அறிவார்கள்?

சுதேசிக் கப்பலைப் பற்றிச் சொல்லாமல் தமிழன் எவனும் கப்பலைப் பற்றி எழுத முடியாது. அந்தக் கதை தூத்துக்குடியினுடையது. ஆனால் அதன் பொருள் சென்னைக்கும் உரியது. 1906 அக்டோபரில் பத்து லட்சம் ரூபாய் மூலதனத்தில், இருபத்தைந்து ரூபாய்ப் பங்குகள் நாற்பதினாயிரம் என்று ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை கம்பெனியைப் பதிவு செய்தார். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பிறகு இலவசமாகவே ஏற்றிச் செல்வதாகச் சொல்லி, குடையும் இனாமாகக் கொடுக்க முன்வந்ததாம். ஒரு குடைக்காகச் சுதேசிக் கப்பலைக் கைவிட்டவர்களும் நம்மில் இருந்திருப்பார்கள்; அதை மறைத்துப் பயனில்லை. 1908-ல் பிள்ளையவர்களுக்கு ராஜத்துரோகக் குற்றத்துக்காகக் கடுந் தண்டனை விதிக்கப்பட்டது. கம்பெனி கலைந்தது. பிள்ளையவர்கள் கேட்டது ஒன்றுதான்: நம் கடலில், நம் ஜனங்களை, நியாயமான கட்டணத்தில், மரியாதையுடன் ஏற்றிச் செல்லும் நம் கப்பல். அது உல்லாசக் கப்பலன்று. சந்தைக்கும் உறவினர் வீட்டுக்கும் போய்வரும் கப்பல்.

சுதந்திரம் வந்த பிறகு அந்த ஆசை ஒருவாறு நிறைவேறியது. ரஜூலாவுக்குப் பின், தேசக் கம்பெனியாகிய ஷிப்பிங் கார்ப்பரேஷன், பிரெஞ்சுக் கப்பலொன்றை வாங்கி, 'சிதம்பரம்' என்று பெயரிட்டு, 1973 முதல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நடத்தியது. அந்தப் பெயரைக் கேட்டவுடன் தமிழர்களுக்கு யாருடைய நினைவு வரும் என்று சொல்ல வேண்டுவதில்லை. 1985 பிப்ரவரியில் அது சென்னையை நோக்கி வந்துகொண்டிருந்தபொழுது நடுக்கடலில் தீப்பிடித்தது. முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அத்துடன் அந்தக் கப்பல் மட்டுமன்றி அந்த வழியே முடிந்துபோயிற்று. ஆகாய விமானம் நாலு மணி நேரத்தில் கொண்டு சேர்க்கும்பொழுது ஒரு வாரம் கடலில் கிடப்பவர் யார் என்று கேட்பது நியாயமே. டெக்கின் கஷ்டம் மறுபடியும் வரவேண்டுமென்று எவரும் பிரார்த்திக்க மாட்டார்கள்.

பர்மாவின் கதை இதனினும் கசப்பானது. சென்னைக்கும் ரங்கூனுக்கும் இடையே கப்பல்கள் ஓயாமல் ஓடிய காலம் ஒன்று இருந்தது. 1962-ல் ராணுவம் அதிகாரத்தைக் கைப்பற்றியதும், கடைகளும் கம்பெனிகளும் தேசவுடைமையாக்கப்பட்டன; தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள், சேர்த்த சொத்தை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். கப்பலில் வந்து இதே துறையில் இறங்கிய அவர்களில் ஒரு பகுதியினருக்கு, 1960-களின் இறுதியில், ராஜாஜி சாலையின் ஓரமாகக் கடை வைக்க இடம் தரப்பட்டது. அதுவே பர்மா பஜார். கடலையும் நகரத்தையும் பிரித்து நிற்கும் துறைமுகத்தின் ஓரத்திலேயே, கடல் கொண்டுவந்து சேர்த்தவர்கள் கடை விரித்தார்கள். அங்கே கடிகாரம் வாங்கப் போகிறவர்களும், பேரம் பேசுகிறவர்களும் பஜாரின் பெயருக்குக் காரணத்தை யோசிப்பதில்லை. நம் கடற்கரைச் சரித்திரத்துக்கு இன்று எஞ்சியிருக்கும் உயிருள்ள சின்னம் அந்தக் கடை வரிசை ஒன்றுதான் என்று நாம் கருதுகிறோம்.

வெனிஸ் நகரத்தில் பெருங்கப்பல்கள் மிதமிஞ்சி வந்ததனால், 2021 ஆகஸ்டு முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்டவை நகரத்தின் நடுக் கால்வாய்க்குள் நுழையக் கூடாதென்று இத்தாலி சர்க்கார் உத்தரவிட்டார்கள். நமக்கு அந்தத் தொல்லையில்லை. நமது தொல்லை, கப்பல் வந்தாலும் போனாலும் ஊருக்குத் தெரியாமலிருப்பது. துறைமுகத்துக்குக் காவல் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. 2008-ல் பம்பாயில் நடந்ததை அறிந்தவர்கள் எவரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் காவல் வேண்டுமென்பதனால் ஞாபகமும் பூட்டப்பட வேண்டுமா? 2011-ல் ஹைக்கோர்ட்டுத் தீர்ப்பின் விளைவாக நிலக்கரியையும் இரும்புத் தாதையும் இங்கே கையாளுவது நின்றுவிட்டது. ராயபுரத்து வீடுகளில் கரி படிவதும் குறைந்தது. உல்லாசக் கப்பல்களை வரவேற்கும் யோசனை இவ்வளவு வலுப்பெற்றதற்கு, துறைமுகம் இவ்வாறு சுத்தமானதும் ஒரு காரணமே. வழக்கு நடத்திச் சுத்தமாக்கியவர்கள் வட சென்னை ஜனங்கள்.

மற்ற ஊர்களில் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்ப்போம். மோரிஸ் தீவில், போர்ட் லூயி துறையில், ஒப்பந்தக் கூலிகள் ஏறிவந்த கற்படிகளைப் பாதுகாத்து, ஆப்பிரவாசி காட் என்று பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். 2006-ல் அது உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாக அங்கீகரிக்கப்பட்டது. கல்கத்தாவில், கித்தர்ப்பூர்த் துறையில், கப்பலேறிப் போனவர்களுக்கு 2011-ல் நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். கல்கத்தாவுக்கு இருப்பது சென்னைக்கும் இருக்க வேண்டும். பெரிய சிலையோ, கோடி ரூபாய்க் கட்டடமோ நாம் கேட்கவில்லை. புதிய நிலையத்தின் நீண்ட சுவர் ஒன்று போதும். ட்ரூரோ முதல் சிதம்பரம் வரையில் கப்பல்களின் பெயர்கள், புறப்பட்ட தேதிகள், ஏறியவர்களின் தொகை ஆகியவற்றைத் தமிழிலும் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் அதில் பொறிக்கலாம். நாராயணசாமியின் பெயருக்கு ஒரு வரி கொடுக்கலாம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ளவற்றோடு டர்பனிலுள்ள பட்டியல்களின் நகலையும் வைத்து, ஒரு குமாஸ்தாவை அங்கே உட்கார வைத்தால், பூட்டன் ஊரைத் தேடி வருகிறவர் முதல் நாளே தாலூகாவைத் தெரிந்துகொண்டு ரயிலேறலாம். மேல்நாட்டு உல்லாசப் பிரயாணிக்கும் மாமல்லபுரத்தைத் தவிர வேறொன்று பார்க்கக் கிடைக்கும்.

அடுத்தபடியாக, இன்றும் கப்பலில் போகிற ஏழைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2023 அக்டோபர் 14-ந் தேதி, நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே, நாற்பது வருஷங்களாக நின்றிருந்த பிரயாணிகள் போக்குவரத்து மறுபடியும் தொடங்கப்பட்டது. சில நாட்களிலேயே அது நின்றுவிட்டது. 2024 ஆகஸ்டில் தனியார் கப்பல் ஒன்று மறுபடியும் புறப்பட்டது. உறவினரைப் பார்க்கவும், சாமான் வாங்கவும், கோயிலுக்குப் போகவும் விரும்பும் யாழ்ப்பாணத்தாருக்கும் தஞ்சையாருக்கும் வேண்டியது இப்படிப்பட்ட கப்பலே. உல்லாசக் கப்பலுக்குக் காட்டும் சலுகையில் ஒரு பங்கை இதற்குக் காட்டினால், பருவத்துக்குப் பருவம் நின்று நின்று ஓட வேண்டிய அவசியமிராது.

சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போகும் கப்பலிலும் பங்க் வகுப்பு என்று ஒன்று உண்டு. அடுக்கடுக்கான படுக்கைகளில் மூன்று நாள் பிரயாணம். விமானத்துக்குப் பணமில்லாத கூலிக்காரர்களும், மூட்டை முடிச்சுக்களுடன் குடும்பங்களும் அதில் போகிறார்கள். பழைய டெக் பிரயாணியின் நேர் வாரிசு அவர்களே. மூவாயிரம் பேர் தங்கக்கூடிய மண்டபம் கட்டப்பட்டிருக்கிறது. உல்லாசக் கப்பல் வருஷத்தில் எல்லா நாளும் வருவதில்லை. அந்த மண்டபத்து நாற்காலியும், குடிதண்ணீரும், விசிறியும், மரியாதையான பேச்சும் அந்தமான் கப்பலுக்குக் காத்திருப்பவர்களுக்கும் கிடைக்கும்படி செய்ய வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. 2021-ம் வருஷத்துச் சட்டப்படி அமைந்திருக்கும் துறைமுக அதிகார சபையார் தமது அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற்றினால் போதும்.